சுனையில் நின்ற மலை

பாரோடேல்
8 நவம்பர் 1971

தம்பி கிளெமென்ட்டுக்கு,

ஏவரில் பிழைத்துக்கொண்டாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தந்தியில் இவ்வளவையும் எழுத மனம் வரவில்லை. நேற்று பேருந்து பிடித்துக் கார்லைல் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வார்டுக் கதவு திறந்தபோதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள். யாரை எதிர்பார்த்தாள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல அக்டோபர் விடுமுறைக்கு என் விடுதிக்கு வந்தாள். போல்டனில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பு, நீ எடுத்த அந்தப் பரிசுப் படத்தின் இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். என் விடுதியில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற நடைவழித் தாளை எடுத்துக்கொண்டு தனியாகக் கெல்டன் சுனைக்குப் போனாள். காலையில் வெயில் அடித்தது, பதினொரு மணிக்கெல்லாம் மேகம் கால்வரை இறங்கிவிட்டது. சுனைக் கரையில் நின்றவளுக்கு எதிரே மலை இருப்பதே தெரியவில்லை. தாளில், உன் படத்துக்குக் கீழே, நான் தட்டச்சு செய்திருக்கிறேன்: 'சுனை வழிந்தோடும் வாயில் நின்று பார்த்தால், படத்தில் காண்பதுபோல, இடது பக்கம் புல் சரிவு. அதில் ஏறினால் கணவாய்.' அவள் இடது பக்கம் ஏறினாள். இடது பக்கம் இருப்பது கற்கள் உருளும் செங்குத்துப் பிளவு. மறுநாள்தான் மீட்புக் குழுவினர் அவளைக் கண்டுபிடித்தார்கள்.

குழுத் தலைவர் ஜாஸ் டைசன் என் அடுக்களையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "ஏம்மா ஹெஸ்டர், வருஷா வருஷம் வர்ற பொம்பளை, இடது வலது தெரியாம போச்சே. ஆடுகூட அந்தப் பக்கம் ஏறாது" என்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏவரில் என்னிடம், "நான் தாள்ல இருந்தபடிதான் போனேன், ஹெஸ்டர்" என்றாள். தலையில் அடிபட்டதால் ஞாபகம் குழம்பியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வைத்திருந்த தாள் மழையில் கூழாகிப் போனது. என்னிடம் இருக்கும் தாளைக் காட்டினேன். இதில் இடது என்றுதான் இருக்கிறது, சரிவும் படத்தில் இடது பக்கம்தான் இருக்கிறது, அப்படியானால் நான் வேறெங்கோ போயிருக்கிறேன் என்று அழுதாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. முழங்கால் வலி வந்தபிறகு நான் அங்கே ஏறவில்லை. தாளை எழுதும்போது புல் சரிவு வலது பக்கம் என்றுதான் எனக்கு ஞாபகம். உன் படத்தைப் பார்த்து என் ஞாபகத்தைத் திருத்திக்கொண்டேன். உன் படம் சரியா, கிளெமென்ட்? பின்பக்கத்தை முன்பக்கமாக வைத்து அச்சடித்துவிட்டார்களா?

கெஸ்விக் அச்சகத்தார் ஈஸ்டருக்கு அதையே அஞ்சலட்டையாகப் போடப்போவதாகச் சொன்னார்கள். சீக்கிரம் பதில் எழுது.

ஹெஸ்டர்


லங்காஸ்டர்
15 நவம்பர் 1971

அன்புள்ள அக்கா,

ஏவரில் செய்தி என்னை உலுக்கிவிட்டது. மருந்துக் கடையில் ஆள் இல்லாததால் உடனே கிளம்ப முடியவில்லை. பூ அனுப்பியிருக்கிறேன்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். படச்சில்லின், அதாவது ஸ்லைடின், ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். எது முன்பக்கம் எது பின்பக்கம் என்பதில் கடைப் பையனுக்குக்கூடக் குழப்பம் வராது. கண்காட்சிக்கு அனுப்பும்போது நானே அதைக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடது கீழ் மூலையில் சிவப்புப் பொட்டு வைத்தேன். எங்கள் புகைப்படச் சங்கத்தில் எல்லோரும் செய்வதுதான். படம் காட்டுகிறவர் அந்தப் பொட்டில் கட்டைவிரலை வைத்துக் கருவிக்குள் செருகினால் திரையில் நேராக விழும். அச்சகத்தாரும் பொட்டைப் பார்த்துத்தான் அச்சடிக்கிறார்கள். நேற்றும் எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் முன்பக்கமாகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்தப் படத்துக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். போன வருடம் மலை நடைக்கு வந்த விடுமுறை முழுக்க மழை. அன்று காலையிலிருந்து ஒரு பாறைக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். திடீரென்று காற்று நின்றது, மேகம் விலகியது, தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கரை நடுவில், மேலே மலை, கீழே மலை. தூர வில்லையைப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தேன், அதற்குள் ஆலங்கட்டி விழுந்துவிட்டது. மான்செஸ்டர் நடுவர்கள் என்ன எழுதினார்கள் என்று மறந்துவிட்டாயா? 'மலையைவிட நீர் பிரகாசிக்கிறது. இப்படி ஒரு ஒளியை இந்த ஏரி நாட்டிலிருந்து நாங்கள் கண்டதில்லை.' இடது மேல் மூலையில் வளையம் போட்ட அந்த மேகத்தைத் தனியாகப் பாராட்டினார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. ஏவரில் மூடுபனியில் எதிர்க்கரையிலோ பக்கக் கரையிலோ நின்றிருக்க வேண்டும். நிற்கும் இடம் மாறினால் இடது வலது மாறும். அவளைக் குறை சொல்லவில்லை. அந்த மூடுபனியில் யாராக இருந்தாலும் தவறியிருப்பார்கள்.

கிளெமென்ட்


பாரோடேல்
19 நவம்பர் 1971

கிளெமென்ட்,

பூ வந்ததாம். வார்டில் பூ வைக்க இடமில்லை என்று வராந்தாவில் வைத்துவிட்டார்கள்.

ஏவரில் சுனை வழியும் அந்த வாயில்தான் நின்றாள். தண்ணீர் வழியும் சத்தம் காலடியில் கேட்டதாம், சுனையில் வேறெங்கும் அந்தச் சத்தம் கிடையாது. நீ எங்கே நின்றாய்? அதைச் சொல்லு முதலில்.

ஹெஸ்டர்


லங்காஸ்டர்
2 டிசம்பர் 1971

அக்கா,

மழையில் பாறை தேடி ஓடியவன் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டா ஓடுவான்? சுனையின் கரையில் நின்றேன், அவ்வளவுதான் தெரியும். வாயாக இல்லாமலும் இருக்கலாம். 'சுனை வழிந்தோடும் வாயில் நின்று' என்று எழுதியது நான் இல்லை. படம் மட்டும்தான் என்னுடையது, எழுத்து உன்னுடையது.

இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. நீ கேட்கிற தோரணை அப்படி.

கிளெமென்ட்


பாரோடேல்
24 ஜனவரி 1972

கிளெமென்ட்,

கிறிஸ்துமஸுக்கு நீ வராதது நல்லதாகப் போயிற்று. வந்திருந்தால் வாத்துக்கறியை உன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

நான் சுனைக்குப் போய்விட்டு வந்தேன். முதல் தடவை பாதியிலேயே பனி கொட்டி விரட்டிவிட்டது. அடுத்த தடவை காற்று என்னை உட்கார வைத்து உட்கார வைத்து எழுப்பியது. சனிக்கிழமை வானம் வெளுத்தது. ஜாஸ் டைசன் கூட வந்தார். "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு மேல ஏறுறியே, உன்னையும் தூக்கிட்டு வரணும்னா கூலி உண்டு பாத்துக்க" என்று வழிநெடுகப் புலம்பினார். இறங்கும்போது நிஜமாகவே பாதி தூரம் என்னைத் தாங்கிக்கொண்டுதான் வந்தார்.

வாயில் நின்றேன். புல் சரிவு வலது பக்கம் இருக்கிறது. என் ஞாபகம் சரி. நீ வேறு கரையில் நின்றிருக்கலாம் என்றாயே, அதனால் உன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கரை முழுக்கச் சுற்றினேன், உறைந்த சேற்றில், ஒவ்வொரு பாறையிலும் நின்று பார்த்தேன். ஓரிடத்திலிருந்து மலை குட்டையாகத் தெரிகிறது, இன்னோரிடத்திலிருந்து பிளவே தெரியவில்லை. நீ எடுத்த மலை அந்தச் சுனையைச் சுற்றி எங்கேயும் இல்லை. ஜாஸும் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கெல்டன்தான், ஆனா கெல்டன் இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பாவின் பெட்டிக் கேமராவில் வாயிலிருந்து ஒரு படம் எடுத்திருக்கிறேன். சுருளை இதோடு அனுப்புகிறேன். உன் மருந்துக் கடையில்தான் படமும் கழுவுகிறாயே, அங்கேயே கழுவிப் பார்.

ஏவரிலுக்கு மறுபடி அறுவை நடந்தது. புண் ஆறிவிட்டது. ஊன்றுகோலைக் கட்டிலருகில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், தொட மாட்டேன் என்கிறாள். நர்ஸ் அதட்டினால், "எந்தப் பக்கம் நடப்பேன்னு எனக்கே தெரியாது. என்னை எழுப்பி விடாதீங்க" என்கிறாளாம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நிலப்படம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள். கால் போனதைவிட இதுதான் அவளைத் தின்கிறது. தன் புத்தியே தன்னை ஏமாற்றிவிட்டது என்று நம்பிவிட்டாள். படத்தில் ஏதோ கோளாறு என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும், அவள் எழுந்துவிடுவாள்.

அஞ்சலட்டையை நிறுத்து.

ஹெஸ்டர்


லங்காஸ்டர்
11 பிப்ரவரி 1972

அக்கா,

உன் சுருளைக் கழுவினேன். அரைகுறையாகக் கறுத்த ஒரு மலை இருக்கிறது. சரிவு வலது பக்கம்தான். அதனால் என்ன தெரிகிறது? உன் படமும் படம், என் படமும் படம். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்க முடியாது. என் படச்சில்லைச் சங்கத்தில் மூன்று பேரிடம் காட்டினேன். மூவரும் பார்த்துவிட்டு, இது பின்பக்கம் இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள்.

இன்னொன்று. போன வாரம் ஏவரிலிடமிருந்து எனக்கே கடிதம் வந்தது. உன்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. 'உங்கள் படத்தின் மேல் பழி போட்டதற்கு மன்னித்துவிடுங்கள். டாக்டர் சொல்வதுதான் சரி. நான் குழம்பியிருக்கிறேன். அந்தப் படத்தை எனக்கு இன்னும் பிடிக்கும்' என்று எழுதியிருக்கிறாள். பாதிக்கப்பட்டவளே இப்படிச் சொன்னபிறகு நீ ஏன் இதைக் கிளறுகிறாய்?

அஞ்சலட்டைக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. அது மட்டுமல்ல, இந்தப் படத்தை அட்டையில் போட்டு என் ஏரிப் படங்களைப் புத்தகமாக்க லண்டனில் ஒருவர் கேட்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்க இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்த எனக்கு இப்படி ஒன்று இனி வராது. உன் முழங்காலையும் பெட்டிக் கேமராவையும் நம்பி நான் அதை விட முடியாது. என் படம் நிற்கும்.

கிளெமென்ட்


பாரோடேல்
14 பிப்ரவரி 1972

அவளை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டாய். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு எழுதிக்காட்டுகிறாய். வெட்கமாக இல்லையா உனக்கு?

தாளில் இடது என்று எழுதியது என் கைதான். என்னிடம் இருந்த தாள்கள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். விருந்தாளிகள் கேட்டால் ஏன் என்று காரணம் சொல்கிறேன், அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்ன மூன்று குடும்பங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டன. பரவாயில்லை. உன் அஞ்சலட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ஈஸ்டரில் யாராவது அந்தச் சுனைக்கு ஏறினால் என்ன செய்வாய்? அவர்களும் உன்னிடம் மன்னிப்புக் கேட்பார்களா?

ஹெஸ்டர்


பாரோடேல்
7 மார்ச் 1972

கிளெமென்ட்,

மூன்று வாரமாக நாம் இருவரும் எழுதவில்லை. நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கிழித்துப் போட மனமில்லாமல் உன் பெரிய படத்தை அடுக்களை மேஜையில் வைத்திருந்தேன். எப்போதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் அதைப் பார்ப்பேன். இன்று மழைச்சாரல் அந்தப் பக்கம் அடித்ததால் நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினேன். மேஜையில் கெல்டன் மலை இருந்தது. நான் ஜனவரியில் வாயில் நின்று பார்த்த அதே கெல்டன், வலது பக்கம் புல் சரிவு, இடது பக்கம் பிளவு.

படத்தை நான் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், கிளெமென்ட்.

நீ சொன்னது சரி. பின்பக்கம் முன்பக்கமாகவில்லை. மேல்தான் கீழாகியிருக்கிறது. தண்ணீர் அப்படி அசையாமல் நின்றதால் அதில் விழுந்த நிழலே மலையாகிவிட்டது. நீ பொட்டு வைத்தபோது நிழலை மலை என்று நினைத்து, படச்சில்லைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய். தலைகீழாக்கினால் இடது வலதாகும். உன் வளையம் போட்ட மேகத்தைத் திருப்பிப் பார். அது மீன் துள்ளிய வளையம்.

உன் படத்தை எடு. திருப்பு. என்னை நம்ப வேண்டாம், நீயே பார்.

ஹெஸ்டர்


லங்காஸ்டர்
10 மார்ச் 1972

அக்கா,

திருப்பினேன்.

கடைக்குப் பின்னால் மருந்து கலக்கும் அறையில் நின்றுகொண்டு திருப்பினேன். வெளியே யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தண்ணீரில் விழும் நிழல் அதன் மலையைவிடக் கொஞ்சமாவது இருண்டுதான் இருக்கும். எந்த ஏரியிலும், எந்த வானிலையிலும். தண்ணீர் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஏரியைப் படமெடுக்கிறவன் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்வது அதைத்தான். சங்கத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன். மலையைவிட நீர் பிரகாசிக்கிறது என்று நடுவர்கள் எழுதியபோதே நான் படத்தைத் திருப்பியிருக்க வேண்டும். நான் அந்த வரியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினேன்.

கெஸ்விக்குக்குத் தொலைபேசியில் பேசினேன். அட்டைகள் கடைகளுக்குப் போய்விட்டன. நாளைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன், ஒவ்வொரு கடையாக ஏறித் திரும்ப வாங்குகிறேன். லண்டனுக்கு எழுதிவிட்டேன். மான்செஸ்டருக்கும், பரிசைத் திருப்பி அனுப்புகிறேன் என்று.

கார்லைலுக்கு எப்படிப் போவது என்று தெரியவில்லை. பேருந்து தெரியும். அவள் முகத்துக்கு எதிரே எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை.

கிளெமென்ட்


கெஸ்விக்
18 மார்ச் 1972

அக்கா,

கடைகள் முடிந்தன. ஒரு கடைக்கார அம்மா தர மறுத்துவிட்டார். "நல்லாத்தானே இருக்கு, தலைகீழா இருந்தா என்ன, டூரிஸ்டு வாங்கிட்டுப் போறான்" என்றார். அந்த அட்டைகளை நானே விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை கார்லைலுக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்தபோது ஏவரில் கதவைப் பார்க்கவில்லை. பார்ப்பதை நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. பரிசு வாங்கிய பெரிய படத்தை அவள் மடியில் வைத்தேன். அவளே என்னைத் தேற்ற ஆரம்பித்தாள். "அதான் எழுதிட்டேனே, கிளெமென்ட், என் தப்புதான்" என்றாள். நான் படத்தை அவள் கையிலேயே வைத்துத் திருப்பினேன்.

வெகுநேரம் பார்த்தாள். விரலால் புல் சரிவைத் தடவினாள், பிறகு பிளவை.

"நான் தாள்படிதான் போனேன்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"என் மண்டை சரியாத்தான் இருந்துச்சு."

"ஆமா. தப்பா இருந்தது என் மண்டைதான்."

அதற்கப்புறம் அவள் என்னைத் திட்டினாள். அவளுக்கு அப்படித் திட்டத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில் கிழவி காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். பூ அனுப்பியதற்குத்தான் அதிகமாகத் திட்டு விழுந்தது. பார்வை நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. போகச் சொன்னாள். படத்தை மட்டும் எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டுப் போகச் சொன்னாள், சரியானபடி.

மறுபடி வரலாமா என்று கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீ போனால் எப்படி இருக்கிறாள் என்று எழுது.

கிளெமென்ட்


பாரோடேல்
27 மார்ச் 1972

தம்பிக்கு,

நேற்று போனேன். காலையில் வெயில், பென்ரித்தில் பனி, கார்லைலில் மழை. குடையைப் பேருந்திலேயே விட்டுவிட்டேன்.

உன் படத்தால் வார்டில் தினமும் ரகளையாம். காலையில் வரும் நர்ஸ், யாரோ கவனமில்லாமல் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து அதை நிமிர்த்தி வைத்துவிடுகிறாள். ஏவரில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் திருப்பச் சொல்கிறாள். மறுநாள் நர்ஸ் மறுபடி நிமிர்த்துகிறாள்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே நர்ஸ் வந்து நிமிர்த்திவிட்டு, "யாரும்மா இதைக் கவுத்துக் கவுத்து வைக்கிறது? இது எங்க மலை, எனக்குத் தெரியாதா?" என்றபடி போய்விட்டாள். ஏவரில் என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். "நீ உக்காரு, ஹெஸ்டர். உன் முட்டி வேற" என்றாள்.

ஊன்றுகோலை எடுத்தாள். இதுவரை ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள், முகம் வெளுத்துப்போனது, பிறகு எதிர்ச்சுவர் வரைக்கும் தானாக நடந்தாள். சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு படத்தைக் கழற்றி, திருப்பி மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று என்னைக் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

இப்போது படத்தில் மலை மேலே இருக்கிறது, தண்ணீர் கீழே இருக்கிறது. மூலையில் நீ போட்ட கையெழுத்து மட்டும் மேலே போய்த் தலைகீழாகத் தொங்குகிறது. அதைக் கத்தரித்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது அவனே பாக்கட்டும்" என்றாள்.

ஹெஸ்டர்